தெருவும் லயமும்: மலேசிய உணவு வரலாற்றில் குடியேற்றத்தின் தடங்கள்

காவிரிப்பூம்பட்டினத்தின் தெருக்களில் வந்து குவிந்த சரக்குகளைப் பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அடுக்கிச் சொல்லுமிடத்தே, ஈழத்திலிருந்து வந்த உணவும் காழகத்திலிருந்து வந்த ஆக்கமும் இடம்பெறுகின்றன. காழகம் என்பதற்குக் கடாரம் என்று உரை கூறுவார் நச்சினார்க்கினியர். கடாரமாவது இன்றைய கெடாப் பகுதி என்பது வரலாற்றறிஞர் பலரும் கொண்ட முடிபு. அந்தக் கெடாவின் கரைக்கு எதிரே கிடக்கும் பினாங்குத் தீவில், தெருமுனைக் கடையொன்றில் அமர்ந்து, தமிழர் ஒருவர் வீசிப் போட்ட ரொட்டியை மலாய்த் தோழியும் சீனத் தோழியும் என்னோடு பகிர்ந்துண்ட ஒரு காலை வேளையில்தான் இக்கட்டுரைக்கான வித்து என் மனத்தில் விழுந்தது. வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்கள் இலக்கியம் பற்றிய ஒன்றையே எதிர்பார்த்திருப்பர். சோறும் சொல்லும் ஒரே வாயிற் பழகுவன ஆதலின் அவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்வர் என்று நம்புகிறேன்.

2024ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் மலேசியாவின் காலையுணவுப் பண்பாட்டை, பல்லினச் சமுதாயம் ஒன்றுகூடி உண்ணும் வழக்கம் என்று சுட்டி, மானிட குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்தது. நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் அப்பெருமைக்கு உரியவாயின. இவற்றுள் பின்னிரண்டும் தமிழர் கைவழி வந்தவை என்று நாம் மகிழ்கிறோம், மகிழ்ச்சி நியாயமானதே. ஆயின், எந்தத் தமிழர் கைவழி என்று கேட்டுப் பார்த்தால் மகிழ்ச்சி சற்றே தயங்கி நிற்கும். இந்நாட்டுக்கு வந்த தமிழருள் மிகப் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தவர்கள். லயத்து அடுப்படியில் அவர்கள் ரொட்டி வீசவில்லை. தேநீரை ஆற்றி நுரைக்க வைத்து விற்கவும் இல்லை. லட்சக்கணக்கானோர் மூன்று தலைமுறை உண்ட உணவு நாட்டின் உணவாகவில்லை. அவர்களினும் மிகச் சிலராய் வந்தோர் துறைமுகத் தெருவில் விற்ற உணவு நாட்டின் உணவாயிற்று. இது ஏன் நிகழ்ந்தது?

முதலில் துறைமுகத்தைப் பார்ப்போம். மலாக்கா 1511இல் போர்த்துக்கீசியர் கைப்பட்டது. 1641இல் டச்சுக்காரர் கைக்கு மாறியது. அதற்கு முன்பே அங்கே வணிகத்தின்பொருட்டுத் தங்கிய தமிழர், இந்நாட்டுப் பெண்களை மணந்து, மலாக்காச் செட்டிகள் என்னும் தனிச் சமூகமாயினர். டச்சு ஆட்சிக் காலத்தில் கிடைத்த நிலத்தில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் அவர்களுடையது. அவர்களின் வீட்டு மொழி மலாய். தமிழ், பெயர்களிலும் சடங்குச் சொற்களிலும் மட்டுமே எஞ்சியிருக்கிறது. முன்னோருக்குப் படையலிடும் நாளில் வாழையிலை விரிக்கிறார்கள். அவ்விலையில் தேங்காய்ப்பாலும் பெலாச்சானும் மணக்கும் உணவு வகைகளை வைத்து வணங்குகிறார்கள். மொழியைக் காப்பதே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்தக் காட்சி முதலில் வருத்தமே தந்தது. பிறகு எண்ணிப் பார்த்தேன். அவ்வீட்டுத் தாய்மார் கொணர்ந்தது பெலாச்சான். தந்தைமார் கொணர்ந்தது இலை. வந்தவர்களிற் பெரும்பாலோர் ஆண்களாகவே இருந்த குடியேற்றத்தில் அடுப்பு யாருடையதோ அவர் மொழியே குழந்தைக்கு வாய்த்தது. இதற்கு அடுப்படியைக் குறை கூற இயலுமா?

பினாங்கின் கதை வேறு. 1786இல் பிரான்சிஸ் லைட் அத்தீவில் ஆங்கிலக் கொடியை நாட்டிய சில ஆண்டுகளுக்குள்ளேயே தமிழ் முஸ்லிம்கள் அங்கே பெருகினர். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் தொடக்கம் 1801. சூலியாத் தெரு என்னும் பெயர் சோழியரை நினைவூட்டுவது. பின்னர் வந்தவர்களுள் கடையநல்லூர், தென்காசி வட்டாரத்தார் பலர். துறைமுகத்தில் மூட்டை தூக்குவோருக்கு விடியற்காலையில் சோறு வேண்டியிருந்தது. தோளில் ஒரு தண்டு, அதன் இருபுறமும் தொங்கும் கூடைகள். ஒன்றில் சோறு, மற்றதில் குழம்புச் சட்டிகள். இப்படிக் காவடி போலச் சுமந்து சென்று விற்ற சோறே நாசி கண்டார். நாசி என்பது சோறு. கண்டார் என்பது தோளிற் சுமக்கும் தண்டு. உண்போன் நின்றபடியோ குந்தியோ உண்பான். கறிகளைத் தனித்தனியே பரிமாற நேரமில்லை. எல்லாக் குழம்பும் ஒரே சோற்றின்மேல் விழுந்தன. இன்றும் பினாங்கில் 'பஞ்சிர்' என்று கேட்டால் பல குழம்புகளையும் அள்ளிச் சோறு மூழ்க ஊற்றுவார்கள். பஞ்சிர் என்றால் வெள்ளம். நம் ஊர் விருந்தில் குழம்பு வேறு, இரசம் வேறு, மோர் வேறு என்று வரிசை உண்டு. அந்த வரிசை துறைமுகத்தின் அவசரத்தில் கரைந்தது. கரைந்ததால் ஒரு புதுச் சுவை பிறந்தது.

இங்கே ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. கண்டார்க்காரன் சமைத்தது தன் வீட்டுச் சமையலை அன்று, வாங்குவோன் உண்ணக்கூடியதை. வாங்குவோன் மலாய்க்காரன், சீனன், வங்காளி, தன் ஊரான். அயலான் முகத்தைப் பார்த்தே அவன் தன் மிளகாயின் அளவை வகுத்தான். அவன் உணவு ஹலால் ஆதலின் மலாய் மக்கள் தயக்கமின்றி அமர்ந்தனர். இந்தக் காரணத்தை நம்மவர் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். ஒரு கூரையின்கீழ் எல்லாரும் உண்ணக்கூடிய கடை ஒன்று வேண்டியிருந்த நாட்டில், அதைத் திறக்கக்கூடிய இடத்தில் நின்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். அவர்களை மக்கள் மாமாக் என்று அழைத்தனர். நம் மாமா என்னும் முறைப்பெயரே அது. சிலர் வாயில் அச்சொல் ஏளனமாகவும் ஒலிப்பதுண்டு. எனினும், ஒரு நாட்டின் உணவுக்கடைகளில் ஒரு வகைக்கே முறைப்பெயர் வாய்த்தது சிறு செய்தியன்று.

அந்தக் கடையில் விளையும் மீ கோரெங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் நிற மீ சீனரது. அதனோடு சேரும் சோயாக் கட்டியும் அவர்களது. மிளகாயும் உருளைக்கிழங்கும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். கோரெங் என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பொரித்தல், வறுத்தல் என்று பொருள். வறுப்பவர் தென்காசிக்காரர். சீனக் கடையில் இது கிடைக்காது, தென்காசியிலும் கிடைக்காது. தெரு இல்லையேல் இவ்வுணவு இல்லை.

ரொட்டி சானாயின் பெயர் பற்றி ஒரு சொல். சானாய் என்பது சென்னையின் திரிபு என்று நம்மவர் பலர் பெருமிதத்தோடு எழுதுகின்றனர். அயலார் வாயில் அந்நகரம் நெடுங்காலம் மதராஸ் என்றே வழங்கியது. மலாயில் சானாய் என்னும் வினைச்சொல்லோ மாவைத் தேய்த்து மெல்லிதாக்குதலைக் குறித்து நிற்கிறது. எனவே இரண்டாவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சாத்தே என்பது சதை என்னும் தமிழ்ச்சொல்லின் வழி வந்தது என்னும் கூற்றையும் ஒலியொப்புமை ஒன்றை மட்டும் கொண்டு ஏற்க நான் தயாராயில்லை. ஐயத்திற்கிடமில்லாத சொற்களே நமக்குப் போதியன அல்லவா? கடை, கெடாய் ஆயிற்று. மாம்பழம், மெம்பெலாம் ஆயிற்று. கறி, காரி, ஆப்பம், ஆப்பாம், சுருட்டு, செருத்து. இவற்றின் வரிசையைப் பாருங்கள்: விற்கும் இடம், விற்கும் பொருள். ஒன்றேனும் லயத்திலிருந்து சென்றதன்று. எல்லாம் சந்தையிற் கைமாறிய சொற்கள்.

கொடுத்ததைச் சொல்லும்போது கொண்டதையும் சொல்லுதல் முறை. மிளகாய் இல்லாத தமிழ்ச் சமையலை இன்று நம்மால் கற்பனை செய்ய இயலுமா? சங்கப் புலவர் எவரும் அதைச் சுவைத்தவரல்லர். போர்த்துக்கீசியர் வழி அது இந்தியக் கரைக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில். புதிய காரத்துக்குப் பெயர் தேடிய தமிழர், மிளகையே அடியாகக் கொண்டு மிளகாய் என்றனர். மலாய் மக்களும் ஏறத்தாழ அதையே செய்தனர். மிளகைக் குறித்த லாடா என்னும் சொல்லைப் புதிய காய்க்கு நீட்டினர்; பிறகு மிளகைப் பிரித்துச் சொல்லக் கறுப்பு லாடா என்று அடைமொழி சேர்க்க வேண்டியதாயிற்று. கடலின் இரு கரைகளிலும் ஒரே விருந்தாளி வந்தான். இரு வீட்டாரும் பழைய உறவினன் பெயரையே அவனுக்குச் சூட்டினர். இதைச் சொல்லாராய்ச்சி வகுப்பில் சொல்லும்போது மாணவர் முகங்கள் மலர்வதைக் காண்கிறேன்.

இனித் தோட்டத்துக்குச் செல்வோம்.

ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புதலை நிறுத்தியது. இந்த இடைக்காலத்தில் ரப்பர் மரங்களோடு சேர்ந்து லயங்களும் வளர்ந்தன. விடியுமுன் பெரட்டு, கதிர் ஏறுமுன் பால்வெட்டு. முந்தைய இரவின் நீர்ச்சோறு, கருவாடு, பருப்பு, லயத்தின் பின்புறம் வளர்ந்த முருங்கையும் கத்தரியும் வெண்டையும்: இவையே உணவு. அரிசியைத் தோட்டத்துக் கடையில் கடனுக்கு வாங்கினர். கூலி நாளன்று கணக்குத் தீர்ந்தது, பலருக்குத் தீரவில்லை. தோட்டத்துக்குள் அயலான் வந்து உண்ணும் கடை ஏதுமில்லை. மலாய்க் கம்பம் ஒருபுறம், சீனர் கடைகள் சிறுநகரில். இடையே மைல் கணக்கில் மரங்கள். தெருவே இல்லாத குடியிருப்பில் சமையல் யாரைச் சென்றடையும்? நம் வட்டத்துக் கவிஞர்கள் பால்மரத்தையும் கங்காணியையும் எழுதிய அளவுக்கு அந்த அடுப்பை எழுதவில்லை என்பது என் நெடுநாளைய குறை.

அந்த அரிசி எங்கிருந்து வந்தது என்பது தனியே சொல்லத்தக்க கதை. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கும் மேற்பட்டதை வெளியிலிருந்தே, குறிப்பாகப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கியது. பர்மாவின் ஐராவதிக் கழிமுகத்தில் காடு திருத்தி நெல் விளைவிக்கப் பர்மிய உழவர்க்குக் கடன் தந்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தபோது அடகு நிலங்கள் அவர்களிடம் வந்து சேர்ந்தன. கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த அவர்களது நிலவுடைமை 1937இல் 25 விழுக்காடாயிற்று. காரைக்குடியின் முதல், பர்மிய உழவன் உழைப்பு, மலாயாத் தோட்டத்துத் தமிழச்சியின் உலை: மூன்றும் ஒரே கயிற்றில் கட்டுண்டிருந்தன. கட்டுண்டவர்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை.

1942இல் ஜப்பானியப் படை அக்கயிற்றை அறுத்தது. ரங்கூன் அரிசி நின்றது. தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கு நட்டனர். காலையும் மாலையும் அதுவே. சயாம், பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தமிழருள் பல்லாயிரவர் திரும்பவில்லை. என் தாய்வழிப் பாட்டிக்கு அப்போது பன்னிரண்டு வயது. பேராக்கில் ஒரு தோட்டம். பிற்காலத்தில் எங்கள் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தேங்காய்த்துருவல் தூவி மாலைச் சிற்றுண்டியாக வைப்போம். பாட்டி அந்தத் தட்டின் பக்கம் திரும்பமாட்டார். "ஏன் பாட்டி, நல்லாத்தானே இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன். "நீங்க சாப்பிடுங்க அம்மாடி. நான் மூணரை வருசத்துல என் பங்க முடிச்சுட்டேன்" என்றார். அதற்குமேல் அவர் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசியதில்லை. நான் முனைவர் பட்டத்திற்காக ஆண்டுக்கணக்கில் பிறர் வாய்மொழிகளைப் பதிவு செய்து திரிந்தபோது, வீட்டிலிருந்த அந்த வாயைத் திறக்க முயலவில்லை. அவர் இப்போது இல்லை.

அதே போர், அதே கிழங்கு, கடலுக்கு அப்பால் வேறொரு விளைவைத் தந்தது. தமிழ்நாட்டார் பாயசத்துக்குப் பயன்படுத்திய சவ்வரிசி அதுவரை மலாயாத் துறைகளிலிருந்து கப்பலேறி வந்தது. போரால் வரத்து நின்றதும், 1943இல் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து சவ்வரிசி செய்யும் தொழில் தலையெடுத்தது. பின்னர் அம்மாவட்டத்தின் பெருந்தொழிலாயிற்று. மரவள்ளியே தென்னமெரிக்கப் பயிர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ஏழைகளின் உணவாக அதைப் பரப்பியவர். ஒரு கிழங்கு எத்தனை வீடுகளில் எத்தனை வேடம் புனைந்தது! சேலத்தில் பாயசமாய் இனித்தபோது, பேராக்கில் அது என் பாட்டியின் வாயை ஆயுளுக்கும் அடைத்துவிட்டது.

தோட்டத்துச் சமையல் என்றென்றும் லயத்திலேயே அடைந்து கிடந்தது என்று கூறின் அது வரலாறாகாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் இடம் கொடுத்தும் கலைந்தபோது, தமிழர் நகர்ப்புறத்துக்கு வந்தனர். வந்தவர்களுள் சில பெண்கள் தெருவோரம் ஒட்டுக்கடை போட்டனர். தோசையும் வடையும் இட்டிலியும் கூடைகளில் வந்தன. நகரங்களில் முன்பே இருந்த வாழையிலைச் சோற்றுக் கடைகள் பெருகின. சீனரும் மலாய்க்காரரும் இலையின் முன் அமர்ந்து, இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று நம்மைக் கேட்கத் தொடங்கினர். ஆக, தடை சுவையில் இருந்ததில்லை. லயத்துக்காரர் தெருவை அடைந்த அன்றே அவர்கள் சோறும் தெருவை அடைந்தது. இதே உண்மையை ஹைனான் தீவினர் கதையிலும் காணலாம். ஏனைய சீனருக்குப் பின்னே வந்த அவர்களுக்கு வணிகத்தில் இடம் கிடைக்கவில்லை. ஆங்கிலேயர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையற்காரராயினர். பின்பு அவர்கள் திறந்த கோப்பித்தியாம்களில், துரை வீட்டு ரொட்டி தேங்காய்ப்பால் காயாவைப் பூசிக்கொண்டு ஊர் மக்களின் காலையுணவாயிற்று.

நம் வீடுகளும் மாறின. தமிழ்நாட்டிலிருந்து வந்த என் ஆய்வு நெறியாளர் எங்கள் வீட்டு மீன்குழம்பை உண்டு, "இது எந்த மாவட்டத்துப் பக்குவம்?" என்று கேட்டார். செரை என்னும் எலுமிச்சம்புல்லும், நிறையத் தேங்காய்ப்பாலும் இட்ட குழம்பு அது. எந்த மாவட்டத்தைச் சொல்வேன்? நெத்திலிச் சம்பலோடு நாசி லெமாக் உண்டு வளர்ந்த என் பிள்ளைகளுக்குப் பொங்கலே விருந்தாளி.

இவ்வளவு கலந்தபின், உணவுக்கு இப்போது குடியுரிமை கேட்கப்படுகிறது. பினாங்கு மாநிலத்தில் ஒட்டுக்கடைகளில் அயல்நாட்டார் தலைமைச் சமையல் செய்தல் கூடாது என்னும் விதி 2016இல் நடைமுறைக்கு வந்தது. உள்ளூர்ச் சுவை கெட்டுவிடும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. 2018இல் நாடு முழுவதற்கும் உணவகங்களில் உள்நாட்டுச் சமையற்காரரே வேண்டும் என்ற அறிவிப்பு எழுந்து, எதிர்ப்பு வந்ததும் தணிந்தது. விதி செய்தோரின் கவலை பொய்யானதென்று நான் சொல்லமாட்டேன். பழைய கைப்பக்குவம் மறைகிறது என்னும் ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் கண்டார்த் தண்டைத் தோளிற் சுமந்து வந்த முதல் மனிதனிடம் எந்த ஊர்க் கடவுச்சீட்டு இருந்தது என்று கேட்க நா எழுகிறது. அவன் உள்ளூரானாக எத்தனை ஆண்டு சென்றன? இன்று அடுக்களையில் நிற்பவனுக்கு அத்தனை ஆண்டு தரப்படவில்லை. அவனுக்குத் தரப்படுவது உரிமச்சீட்டின் காலவரையறை மட்டுமே.

சென்ற ஆண்டு ஓர் இரவு, கருத்தரங்கு முடிந்து பிந்தி வந்து, அத்தகைய கடையொன்றில் உண்ண அமர்ந்தேன். கூட்டம் குறைந்திருந்தது. ரொட்டி வீசிக்கொண்டிருந்த இளைஞர் இராமநாதபுரம் பக்கத்தவர். கைமாவைக் கழுவிவிட்டு, கடையின் பின்புறம் சிறிய அடுப்பில் ஏதோ கொதிக்க வைத்தார். புளியும் பூண்டும் வதங்கும் மணம் வந்தது. பெயர்ப்பலகையில் நாற்பது உணவுகளின் பெயர்கள். இந்த மணத்துக்குரிய பெயர் அதில் இல்லை. "தம்பி, அந்தக் குழம்பு கொஞ்சம் கிடைக்குமா?" என்றேன். அவர் சற்றே கூச்சத்துடன் திரும்பிப் பார்த்தார்.

"அது விக்கிறதுக்கு இல்லக்கா. எங்களுக்கு வச்சது."

பிறகு ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.